‘அந்தக் காலம் அப்படி’ என்பது பொய்: கிரேக்கத் தத்துவமும் அடிமைகளும்

கிரேக்கத் தத்துவம் என்று பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிசை வரும். எல்லாம் நீரிலிருந்து வந்தது என்றார் தேலீஸ். அணு என்றார் டெமாக்ரிட்டஸ். சாக்ரடீஸ் கேள்வி கேட்டார், நஞ்சு குடித்துச் செத்தார். அவருடைய மாணவர் பிளேட்டோ, பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். தேர்வுக்கு இவ்வளவு போதும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்கள் இதை மனப்பாடமாகவே சொல்வார்கள்.

இவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீடுகளில் தண்ணீர் எடுத்தது யார், மாவு அரைத்தது யார், சுரங்கத்தில் வெள்ளி வெட்டியது யார் என்று கேட்டால், அடிமைகள் என்று பதில் வரும். இவ்வளவு பெரிய அறிவாளிகள் அதைத் தவறு என்று ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்டுப் பாருங்கள். “அந்தக் காலம் அப்படி. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றைய அளவுகோலால் அவர்களை அளக்கக் கூடாது” என்பார்கள்.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. சாதியின் வரலாற்றைப் பேச உட்கார்ந்தாலும் இதே சொற்கள்தான் வந்து விழும். அதனால்தான் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஏதென்ஸ் நகரத்தைப் பற்றி இங்கே எழுதுகிறோம். எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. மனிதரில் பிறப்பாலேயே ஆளுவோர், ஆளப்படுவோர் உண்டு என்பதை மறுத்தவர்கள் அதே ஊரில், அதே காலத்தில் இருந்தார்கள். இதற்கு நாம் கூப்பிடப்போகும் முதல் சாட்சி, அடிமைமுறையை நியாயப்படுத்திய அரிஸ்டாட்டில்தான். அவரிடம் போவதற்கு முன்னால் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

கடவுளை விட்டுவிட்டு விளக்கியவர்கள்

கிரேக்கத் தத்துவம் ஏதென்ஸில் தொடங்கவில்லை. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் மிலேட்டஸ் என்ற துறைமுக நகரம் இருந்தது. பல நாட்டுக் கப்பல்களும் பல நாட்டுக் கதைகளும் வந்து சேரும் ஊர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தேலீஸ், உலகத்தின் மூலப்பொருள் நீர் என்றார். அவருக்குப் பின் வந்த அனாக்சிமாண்டர் அதை மறுத்து, மூலம் எல்லையற்ற ஒன்று என்றார். பூமி எதன்மேலும் உட்காராமல் வெளியில் நிற்கிறது என்றும், மனிதர்கள் ஆதியில் மீன் போன்ற உயிர்களுக்குள்ளிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னவர் அவர். அடுத்து வந்த அனாக்சிமெனிஸ் அவரையும் மறுத்து, மூலம் காற்று என்றார்.

இந்த விடைகள் இன்று நிற்காது. ஆனால் இரண்டு விஷயங்கள் புதியவை. இடியும் மின்னலும் தெய்வத்தின் கோபம் என்ற பதிலோடு அவர்கள் நிற்கவில்லை. முன்னவர் சொன்னதைப் பின்னவர் வெளிப்படையாக மறுக்கலாம் என்ற வழக்கத்தையும் உண்டாக்கினார்கள்.

செனோஃபேனஸ் என்ற கவிஞர் இன்னும் ஓர் அடி போனார். எத்தியோப்பியர்கள் தங்கள் கடவுளைக் கறுப்பாகச் சொல்கிறார்கள், திரேசியர்கள் நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாகச் சொல்கிறார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்து படம் வரையத் தெரிந்தால் அவை தம் கடவுளை மாடாகவும் குதிரையாகவும்தான் வரையும் என்று கேலி செய்தார். கடவுளின் பெயரால் சொல்லப்படுவது மனிதர் சொன்னது என்ற சந்தேகம் இங்கே தொடங்குகிறது.

எபெசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸ், எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது, எதிரெதிரானவற்றின் மோதலில்தான் உலகம் இயங்குகிறது என்றார். சிலரை அடிமைகளாகவும் சிலரைச் சுதந்திரமானவர்களாகவும் ஆக்கியது போர்தான் என்றும் அவர் சொன்னார். அவர் காரணமாகக் காட்டியது போரை, பிறப்பை அல்ல. இதை நினைவில் வையுங்கள். பார்மெனிடிஸ் இதற்கு நேர்மாறாக, மாற்றம் என்பதே வெறும் தோற்றம் என்றார். பித்தகோரஸின் வழியினர் உலகத்தின் ஒழுங்கை எண்களில் தேடினார்கள். டெமாக்ரிட்டஸ், இருப்பவை அணுக்களும் வெற்றிடமும் மட்டுமே, உயிர்கூட அணுக்களின் சேர்க்கைதான் என்றார்.

ஓய்வுக்கு யார் விலை கொடுத்தார்கள்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தத்துவத்தின் மையம் ஏதென்ஸுக்கு நகர்ந்தது. அதற்குப் பின்னால் வெள்ளி இருக்கிறது. ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியன் என்ற இடத்தில் கி.மு. 483 வாக்கில் வளமான வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் போர்க்கப்பல்கள் கட்டினார்கள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படையைத் தோற்கடித்தது அந்தக் கப்பற்படைதான். பிறகு ஏதென்ஸ் ஒரு பேரரசானது. பணம் வந்தது, கோயில்கள் எழுந்தன, நாலாபக்கமிருந்தும் அறிஞர்கள் வந்தார்கள்.

லாரியனில் வெட்டியவர்கள் அடிமைகள். நிமிர்ந்து நிற்க முடியாத குறுகிய சுரங்கப் பாதைகளில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். நிக்கியாஸ் என்ற தளபதி தனக்குச் சொந்தமான 1000 அடிமைகளைச் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஓபல் வருமானம். ஓபல் என்பது டிராக்மாவில் ஆறில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் செனோஃபோன். அவர் சாக்ரடீஸின் மாணவர்களில் ஒருவர். குடிமகன் ஒருவருக்கு மூன்று அடிமை என்ற அளவுக்கு அரசே அடிமைகளை வாங்கிச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விடலாம், அந்த வருமானத்தில் குடிமக்கள் பிழைக்கலாம் என்று அதே நூலில் அவர் திட்டமும் போட்டுக் கொடுத்தார்.

ஏதென்ஸில் ஜனநாயகம் இருந்தது. ஏழைக் குடிமகனும் சபையில் எழுந்து பேசலாம், குலுக்கலில் பதவிக்கு வரலாம். அன்றைய உலகில் அது பெரிய விஷயம்தான். ஆனால் பெண்களுக்கு அதில் இடமில்லை. அடிமைகளுக்கு இல்லை. பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய வெளியூர்க்காரர்களுக்கும் இல்லை. கி.மு. 451இல் பெரிகிளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை. அதாவது பிறப்பு. நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கியதாக இருந்தால்தான் செல்லும் என்பது விதி. அடி விழாமல் அடிமை உண்மை பேச மாட்டான் என்பது அந்த விதியின் பொருள்.

கிரேக்கத்தில் ஓய்வு நேரத்துக்கு ‘ஸ்கோலே’ என்று பெயர். உழைக்க வேண்டிய தேவை இல்லாதவன் விவாதத்துக்கும் படிப்புக்கும் செலவிடும் நேரம் அது. ‘ஸ்கூல்’ என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். சிலருடைய ஓய்வுக்குப் பலருடைய முதுகு வேண்டியிருந்தது.

சட்டமா, இயற்கையா?

இந்தக் காலத்தில்தான் சோபிஸ்டுகள் என்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு பேச்சுக்கலை கற்றுக்கொடுத்தார்கள். பிளேட்டோ அவர்களை வார்த்தை வியாபாரிகளாகக் காட்டினார். அவர் எழுதியதே நமக்கு அதிகம் கிடைத்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவர்களில் மூத்தவர் புரோட்டகோரஸ். எல்லாவற்றுக்கும் மனிதனே அளவுகோல் என்றார். கடவுள்கள் உண்டா இல்லையா என்று தன்னால் அறிய முடியவில்லை என்று எழுதினார். சோபிஸ்டுகள் பலர் கையில் எடுத்த முக்கியமான கருவி ஒரு வேறுபாடு: ‘நோமோஸ்’ ஒரு பக்கம், ‘ஃபூசிஸ்’ மறுபக்கம். நோமோஸ் என்றால் மனிதர்கள் ஏற்படுத்திய சட்டம், வழக்கம். ஃபூசிஸ் என்றால் இயற்கை. நெருப்பு ஏதென்ஸிலும் சுடும், பாரசீகத்திலும் சுடும்; அது இயற்கை. ஆனால் சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அப்படியென்றால் நம் சமூகத்தில் எது இயற்கை, எது நாமே செய்துகொண்டது?

இந்தக் கருவி இரண்டு பக்கமும் வெட்டியது. வலியவன் எளியவனை ஆள்வதுதான் இயற்கை என்று சொல்லவும் சிலர் இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஆன்டிஃபோன் என்ற சோபிஸ்டு நேரெதிராகப் போனார். அருகில் வாழ்வோரின் வழக்கங்களை அறிந்து மதிக்கிறோம், தொலைவில் வாழ்வோரின் வழக்கங்களை அறிவதும் இல்லை, மதிப்பதும் இல்லை, இது அநாகரிகம் என்பது அவர் வாதம். கிரேக்கரும் அந்நியரும் இயற்கையில் ஒன்றே. எல்லாரும் வாயாலும் மூக்காலும்தான் மூச்சுவிடுகிறோம், கையால்தான் வேலை செய்கிறோம் என்று அவர் எழுதினார். அன்று ஏதென்ஸின் அடிமைகளில் பெரும்பாலோர் அந்நியர்கள் என்பதோடு சேர்த்து இதைப் படியுங்கள்.

ஆன்டிஃபோனின் இந்த வரிகள் நமக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய நூலை நூலகங்கள் காப்பாற்றவில்லை. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டியபோது கிடைத்த பாப்பிரஸ் கிழிசல்களில் இருந்துதான், 20ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதி வெளியே வந்தது. சமத்துவம் பேசிய எழுத்து குப்பைமேட்டில் பிழைத்துக் கிடந்தது.

அடுத்தவர் அல்சிடாமஸ். ஸ்பார்ட்டா நகரம் பக்கத்து மெசேனியா நாட்டைப் பிடித்து, அந்த மக்களைத் தலைமுறை தலைமுறையாக ஹெலட்டுகள் என்ற பண்ணையடிமைகளாக வைத்திருந்தது. கி.மு. 371இல் தீப்ஸ் நகரம் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்தது, கி.மு. 369இல் மெசேனியர்களின் சொந்த நகரம் எழுந்தது. அடிமைகள் எப்படி நாடாக முடியும் என்று ஸ்பார்ட்டா கத்தியது. அப்போது மெசேனியர்களுக்காக அல்சிடாமஸ் எழுதிய உரையில், கடவுள் எல்லாரையும் சுதந்திரமாகத்தான் விட்டார், இயற்கை யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்று சொன்னார். அந்த உரை அழிந்துவிட்டது. அரிஸ்டாட்டிலின் நூல் ஒன்றுக்குப் பிற்காலத்தில் ஒருவர் எழுதிய ஓரக்குறிப்பில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயரில்லாத சிறுவன்

சாக்ரடீஸ் எதையும் எழுதவில்லை. சந்தையிலும் தெருவிலும் ஆட்களைப் பிடித்து, நீதி என்றால் என்ன, வீரம் என்றால் என்ன என்று கேட்டு, அவர்களுக்குத் தெரியாது என்பதை அவர்களுக்கே காட்டினார். ஊர்க் கடவுளை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று கி.மு. 399இல் ஏதென்ஸ் அவருக்கு மரண தண்டனை கொடுத்தது.

பிளேட்டோ எழுதிய ‘மேனோ’ என்ற உரையாடலில் ஒரு காட்சி வருகிறது. மேனோ என்ற செல்வந்தனுடைய அடிமைச் சிறுவன் ஒருவனைச் சாக்ரடீஸ் கூப்பிடுகிறார். அவன் கணிதம் படித்ததே இல்லை. தரையில் ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், பக்கம் எவ்வளவு என்கிறார். சிறுவன் முதலில் தவறாகச் சொல்கிறான். பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். மறுபடி முயல்கிறான். சாக்ரடீஸ் கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறார். கடைசியில், மூலைவிட்டத்தைப் பக்கமாக வைத்துக் கட்டும் சதுரம்தான் விடை என்று அவனே கண்டுகொள்கிறான்.

அறிவு ஆன்மாவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, கற்பது என்பது நினைவுக்குக் கொண்டுவருவதுதான் என்று நிரூபிக்கவே பிளேட்டோ இதை எழுதினார். அதைவிடப் பெரிய ஒன்றை இந்தக் காட்சி நிரூபித்துவிட்டது. வாய்ப்பும் நேரமும் கொடுத்தால் அடிமையின் மூளை எஜமானின் மூளை போலவே வேலை செய்கிறது. அப்படியானால் இவன் ஏன் அடிமை என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் எழவே இல்லை. சிறுவனின் பெயரைக்கூட பிளேட்டோ சொல்லவில்லை. கணக்கு முடிந்ததும் அவன் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான்.

சாக்ரடீஸின் கடைசி நாளைச் சொல்லும் நூல் ‘ஃபீடோ’. அந்தப் பெயருக்குரிய ஃபீடோ, எலிஸ் நகரம் விழுந்தபோது பிடிபட்டு, ஏதென்ஸில் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட அடிமை என்றும், சாக்ரடீஸ் சொல்லி நண்பர்கள் அவரை விலை கொடுத்து மீட்டார்கள் என்றும் தத்துவவாதிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனிஸ் லாயர்ஷியஸ் எழுதுகிறார். விடுதலையான ஃபீடோ எலிஸில் ஒரு தத்துவப் பள்ளியையே நடத்தினார்.

பிளேட்டோவின் உலோகங்கள்

நாம் காண்பவையெல்லாம் நிழல்கள், அவற்றுக்குப் பின்னால் மாறாத கருத்துருக்கள் இருக்கின்றன என்பது பிளேட்டோவின் மையக் கருத்து. அந்த உண்மையை அறிந்தவரே ஆளத் தகுதியானவர் என்று ‘குடியரசு’ நூலில் சொல்கிறார். அவருடைய இலட்சிய நகரத்தில் மூன்று பிரிவுகள்: ஆளும் தத்துவவாதிகள், காக்கும் வீரர்கள், உழவும் தொழிலும் செய்வோர். இதை மக்கள் ஏற்றுக்கொள்ள ஓர் உயர்ந்த பொய் சொல்லலாம் என்கிறார். கடவுள் உங்களைப் படைத்தபோது சிலருக்குத் தங்கத்தையும், சிலருக்கு வெள்ளியையும், மற்றவர்களுக்கு இரும்பையும் வெண்கலத்தையும் கலந்தார் என்பதே அந்தப் பொய். அது பொய் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கத்துக்கு இரும்புப் பிள்ளை பிறந்தால் கீழே இறக்க வேண்டும், இரும்புக்குத் தங்கப் பிள்ளை பிறந்தால் மேலே ஏற்ற வேண்டும் என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார். தகுதியுள்ள பெண்ணும் ஆளலாம் என்றார். ஆகவே அது அப்படியே வர்ணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர், சதுர்வர்ணத்தை ஆதரித்தவர்களுக்குப் பதில் சொல்லும்போது பிளேட்டோவை நேராக எடுத்துக்கொண்டு மறுக்கிறார். மனிதர்களை மூன்று நான்கு பெட்டிகளுக்குள் அடைக்க முடியாது. ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவர், ஒருவருக்குள்ளேயே பல ஆற்றல்கள் உண்டு. இதைக் காணாத சமூகவியல் மேம்போக்கானது என்பது அவர் வாதத்தின் சாரம். பெட்டிக்குப் பெட்டி மாறலாம் என்ற சலுகையோடு அம்பேத்கர் சமாதானம் ஆகவில்லை. பெட்டியே தவறு என்றார்.

அரிஸ்டாட்டில் கட்டிய வாதம்

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தர்க்கத்தை ஒரு துறையாக ஒழுங்குபடுத்தியவர். நூற்றுக்கணக்கான உயிரினங்களைக் கூர்ந்து பார்த்து வகைப்படுத்தியவர். இவ்வளவு திறமையும் சேர்ந்துதான் ‘அரசியல்’ நூலின் முதல் பாகத்தில் அடிமைமுறைக்கு அரண் கட்டியது.

வாதம் இப்படிப் போகிறது. வீடு நடக்கக் கருவிகள் வேண்டும். கருவிகளில் உயிரற்றவை உண்டு, உயிருள்ளவை உண்டு. அடிமை உயிருள்ள கருவி. தறியின் ஓடம் தானாக நெய்யுமானால் எஜமானுக்கு அடிமை தேவைப்படாது. உலகம் முழுவதும் ஆள்வது, ஆளப்படுவது என்ற இணை இருக்கிறது: ஆன்மா உடலை ஆள்கிறது, ஆண் பெண்ணை ஆள்கிறான். அதுபோல, சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாமல், பிறர் சொன்னால் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் அறிவுள்ளவர் இயற்கையிலேயே அடிமை. ஆளப்படுவது அவருக்கே நல்லது.

இந்த அரணில் விரிசல்களை அவரே விட்டுவைத்திருக்கிறார். அடிமைக்கு உழைப்புக்கேற்ற உடலும், சுதந்திரமானவருக்கு நிமிர்ந்த உடலும் தரத்தான் இயற்கை விரும்புகிறது, ஆனால் பல நேரம் எதிராக நடந்துவிடுகிறது என்கிறார். அப்படியென்றால் யார் இயற்கை அடிமை என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அதே நூலின் பிற்பகுதியில், எல்லா அடிமைகளுக்கும் விடுதலையைப் பரிசாகக் காட்டி வேலை வாங்குவது நல்லது என்கிறார். இயற்கையிலேயே அடிமை என்றால் விடுதலை எப்படிப் பரிசாகும்? தன் உயிலில் சில அடிமைகளை விடுவிக்கவும் எழுதி வைத்தார்.

அவருடைய வாழ்க்கையே இன்னொரு விரிசல். அவர் ஏதென்ஸின் குடிமகன் இல்லை. வாக்குரிமை இல்லாத வெளியூர்க்காரர். அவர் பிறந்த ஸ்டாகிராவை மன்னன் பிலிப் கி.மு. 348இல் அழித்தான். பின்னாளில் பிலிப் அந்த ஊரைத் திரும்பக் கட்டி, அடிமைகளாகவும் அகதிகளாகவும் இருந்த ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். தன் ஊர்க்காரர்கள் அடிமைகளானது இயற்கையாலா, பிலிப்பின் படையாலா என்று அரிஸ்டாட்டிலுக்குத் தெரியாமலிருக்காது.

இனி நாம் சொன்ன சாட்சியம். அதே முதல் பாகத்தில் அரிஸ்டாட்டில் எழுதுகிறார்: வேறு சிலரோ எஜமான் – அடிமை உறவு இயற்கைக்கு மாறானது என்கிறார்கள், சட்டத்தால்தான் ஒருவர் அடிமை, இன்னொருவர் சுதந்திரமானவர், இயற்கையில் வேறுபாடே இல்லை, வன்முறையில் நிற்பதால் இது அநீதி என்கிறார்கள். அவர்கள் யாரென்று அவர் பெயர் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார். எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு இவ்வளவு வாதம் தேவைப்படாது. எதிர்ப்பு இருந்தது. அதனால்தான் அரண் தேவைப்பட்டது.

கால்களால் சொன்ன பதில்

ஆளப்படுவது அடிமைக்கே நல்லது என்றால், அடிமைகள் என்ன நினைத்தார்கள்? அவர்கள் எழுதிய தத்துவ நூல் அந்த ஏதென்ஸிலிருந்து நமக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் செய்தது கிடைத்திருக்கிறது. கி.மு. 413இல் ஸ்பார்ட்டா படை ஏதென்ஸுக்கு அருகே டெசிலியாவில் முகாமிட்டது. தப்பிக்க வழி திறந்தது. 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள், அவர்களில் பெரும்பகுதி கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் பதிவு செய்திருக்கிறார். அரிஸ்டாட்டில் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய வாதத்துக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

ஸ்பார்ட்டாவின் ஹெலட்டுகளும் அப்படித்தான். கி.மு. 464 வாக்கில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது அவர்கள் கிளர்ந்தெழுந்து பல ஆண்டுகள் போரிட்டார்கள். ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் பதவியேற்கும் ஒவ்வோர் ஆண்டும் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். அப்போதுதான் ஹெலட்டைக் கொன்றாலும் தீட்டு சேராது. இயற்கை அடிமைகளுக்கு எதிராக ஆண்டுதோறும் போர் அறிவிக்க வேண்டியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவும் தோட்டமும் தூண்மண்டபமும்

அரிஸ்டாட்டில் வாழ்ந்த நாளிலேயே டயோஜெனிஸ் என்ற சினிக் தெருவில் வாழ்ந்தார். சொத்து, குலப்பெருமை, ஊர்ப்பெருமை எல்லாவற்றையும் எள்ளி நகையாடினார். நான் உலகத்தின் குடிமகன் என்றார். அவருடைய அடிமை மானஸ் ஓடிப்போனபோது தேடச் சொன்னவர்களிடம், நான் இல்லாமல் மானஸ் வாழ முடியும், மானஸ் இல்லாமல் நான் வாழ முடியாதென்றால் வெட்கக்கேடு என்று சொல்லித் தேட மறுத்ததாகக் கதை. யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

கி.மு. 306 வாக்கில் எபிகூரஸ் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் தன் பள்ளியைத் தொடங்கினார். உலகம் அணுக்களால் ஆனது, கடவுள்கள் மனிதர் விஷயத்தில் தலையிடுவதில்லை, சாவுக்குப் பின் எதுவுமில்லை, ஆகவே பயமின்றி, எளிய இன்பத்தோடும் நட்போடும் வாழுங்கள் என்பது அவர் போதனை. அந்தத் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து படித்தார்கள். மிஸ் என்ற அடிமை அங்கே தத்துவம் பயின்றவர்களில் ஒருவர். எபிகூரஸ் தன் உயிலில் அவரை விடுவித்தார். உயிலில்தான் என்பதையும் பார்க்க வேண்டும். வாழும்வரை மிஸ் அடிமைதான்.

கி.மு. 300 வாக்கில் ஸெனோ ஒரு தூண்மண்டபத்தில் தொடங்கிய பள்ளி ஸ்டோயிக். எல்லா மனிதருக்கும் பகுத்தறிவு பொது, நம் கையில் இருப்பது நம் மனமும் தீர்ப்பும் மட்டுமே என்றார்கள். ஸெனோவுக்குப் பின் பள்ளியை நடத்திய கிளியாந்தெஸ், இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்கிப் படித்தவர். நானூறு ஆண்டுகள் கழித்து ரோமப் பேரரசில் எபிக்டெட்டஸ் வந்தார். அவர் அடிமையாகவே பிறந்தவர். ‘எபிக்டெட்டஸ்’ என்றால் கிரேக்கத்தில் ‘பெறப்பட்டது’ என்று பொருள். விடுதலையான பின் நிக்கோபோலிஸில் பள்ளி நடத்தினார். உன் அடிமையும் உன் சகோதரன்தான், அவனை வாங்கிய பத்திரம் மனிதர் எழுதிய சட்டம், கடவுளின் சட்டம் அல்ல என்று எஜமான்களிடம் சொன்னார்.

ஆனாலும் ஸ்டோயிக்குகள் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லவில்லை. மனத்தளவில் சுதந்திரமாக இருந்தால் விலங்கு ஒரு பொருட்டல்ல என்றார்கள். சித்திரவதையைத் தாங்க வேண்டிய ஒருவருக்கு இது உயிர் காக்கும் மருந்தாக இருக்கலாம். விலங்கு பூட்டியவர் வாயிலிருந்து வந்தால் இதே வாக்கியம் வசதியான தத்துவமாகிவிடும். மனதை மட்டும் மாற்றிக்கொள் என்று நமக்கு யாராவது அறிவுரை சொன்னால், சொல்வது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

புத்தகம் போன பாதை

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளை ஸ்பெயின் போரிட்டு அடக்குவது நியாயமா என்று 1550–51இல் ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் விவாதம் நடந்தது. நியாயமே என்று வாதிட்டவர் செபுல்வேடா. அவர் அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூலை லத்தீனில் மொழிபெயர்த்தவர். இயற்கை அடிமை என்ற அதே வாதத்தை அந்த மக்கள்மேல் சாத்தினார். எதிர்த்து நின்ற லாஸ் காசாஸ் பாதிரியார், பூர்வகுடிகள் முழுமையான அறிவுள்ள மனிதர்கள் என்று வாதாடினார். அவரும் முன்பு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர்தான், பின்னர் அதற்காக வருந்தினார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் அடிமைமுறை ஆதரவாளர்களும் அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைத்தார்கள். ஒரு நூலின் சில பக்கங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கான மனிதர்களுக்கு எதிராக வேலை செய்தன.

அதனால் கிரேக்கரைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. நோமோஸ், ஃபூசிஸ் என்ற வேறுபாடு நமக்கும் வேலைக்காகும் கருவி. சாதி இயற்கையானது, பிறவியிலேயே வந்தது என்று யார் சொன்னாலும், இது நெருப்பு சுடுவது போன்றதா, மனிதர்கள் எழுதிய சட்டமா என்று கேட்கலாம். சாக்ரடீஸின் கேள்விமுறை நம் கூட்டங்களுக்கு வேண்டும். அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தை அவருக்கு எதிராகவே திருப்பலாம். அம்பேத்கர் பிளேட்டோவைப் படித்துவிட்டுத்தான் மறுத்தார்.

படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதியவரின் ஓய்வு யாருடைய உழைப்பில் வந்தது? இவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அந்த எதிராளியின் பெயர் ஏன் இல்லை? எதிராளியின் எழுத்து ஏன் நம் கைக்கு வரவில்லை?

அடுத்த முறை வகுப்பறையிலோ கூட்டத்திலோ ஒருவர் “அந்தக் காலம் அப்படி” என்று சொன்னால், ஆன்டிஃபோன் பெயரையும் அல்சிடாமஸ் பெயரையும் சொல்லுங்கள். டெசிலியா பக்கம் ஓடிப்போன அந்த 20,000 பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தான்.